எம்.ஆர்.ஐ. நார்மல், அப்புறம் ஏன் கை தடுமாறுகிறது?

எட்டு வயதுப் பையன். பேச்சில் படுசுட்டி. பதினேழாம் வாய்ப்பாட்டை எங்கே இருந்து கேட்டாலும் சொல்வான். ஆனால் சட்டைப் பட்டனை அம்மாதான் போட்டுவிட வேண்டும். சாப்பிட்டு எழுந்தால் தட்டைச் சுற்றி வட்டமாகப் பருக்கைகள் கிடக்கும். கிரிக்கெட்டில் பந்து நெஞ்சில் பட்டுக் கீழே விழுந்த பிறகுதான் இரண்டு கையும் ஒன்று சேரும். மற்ற பிள்ளைகள் போர்டைப் பார்த்து ஒரு பக்கம் எழுதி முடிக்கும்போது இவன் நாலாவது வரியில் இருப்பான், அதுவும் பேப்பர் கிழிகிற அளவுக்கு அழுத்தி.

இப்படி ஒரு பிள்ளை உங்கள் தெருவிலும் இருக்கும், உங்கள் வீட்டிலேயேகூட இருக்கலாம். டாக்டரிடம் போகிறார்கள். கண் பரிசோதனை சரி. தசைகளில் பலம் சரி. மூளையை எம்.ஆர்.ஐ. எடுத்தால் அதிலும் கோளாறு எதுவும் இல்லை. அந்த ரிப்போர்ட் வீட்டுக்கு வந்ததும் முதலில் பெருமூச்சு, சாமிக்கு ஒரு தேங்காய். ஒரு வாரம் கழித்து வேறு பேச்சு ஆரம்பிக்கும்: "ஒண்ணுமில்லேன்னு டாக்டரே சொல்லிட்டாரு. அப்போ இவனுக்கு சோம்பேறித்தனம்தான்."

இந்த இரண்டாவது முடிவு தப்பு. அது ஏன் தப்பு என்பதைப் புரிந்துகொள்ள, ஸ்கேன் எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பதில் தொடங்கி, கை எப்படி ஒரு டம்ளரைத் தூக்குகிறது என்பது வரை போக வேண்டியிருக்கிறது.

முதலில் பெயர். மருத்துவத்தில் இதை டெவலப்மென்டல் கோஆர்டினேஷன் டிஸ்ஆர்டர் என்கிறார்கள், சுருக்கமாக டி.சி.டி. தமிழில் அசைவு ஒருங்கிணைப்புக் குறைபாடு என்று சொல்லலாம். டிஸ்பிராக்ஸியா என்ற பெயரும் புழக்கத்தில் உண்டு. 1937-லேயே அமெரிக்க நரம்பியல் மருத்துவர் சாமுவேல் ஆர்ட்டன் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றி எழுதியிருக்கிறார். அப்புறம் பல பத்தாண்டுகளுக்கு மருத்துவ இதழ்களிலேயே 'தடுமாறும் குழந்தை' என்றுதான் பேச்சு. நம் ஊரில் 'தத்தி' என்கிறோமே, அதன் கொஞ்சம் நாகரிகமான வடிவம். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் டி.சி.டி. என்ற பெயர் 1987-ல் ஏறியது. 1994-ல் பல நாட்டு ஆய்வாளர்கள் லண்டனில் கூடி, இனி எல்லோரும் இந்த ஒரே பெயரைப் பயன்படுத்துவோம் என்று முடிவெடுத்தார்கள். இது இங்கிலாந்து லண்டன் இல்லை, கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்து லண்டன்.

எத்தனை பிள்ளைகளுக்கு இருக்கிறது? பள்ளி வயதுப் பிள்ளைகளில் 5 முதல் 6 சதவீதம் என்றது அந்தக் கையேட்டின் 2013 பதிப்பு. இங்கிலாந்தில் ஏழு வயதுப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கானோரைப் பார்த்த ஒரு பெரிய ஆய்வு, வரையறையை இறுக்கிப் பிடித்தபோது 1000-க்கு 18 பேர் என்றது. கோட்டை எங்கே போடுகிறோம் என்பதைப் பொறுத்து எண்ணிக்கை மாறுகிறது. முதல் கணக்கை எடுத்துக்கொண்டால் 40 பேர் உள்ள வகுப்பில் இரண்டு பேர். பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளிடம் அதிகம்.

இப்போது டம்ளருக்கு வருவோம்.

நிறைய காபி இருக்கிறது என்று நினைத்து ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுக்கிறீர்கள். உள்ளே ஒன்றுமில்லை. கை சர்ரென்று மேலே போய்விடுகிறது. அல்லது கரண்ட் போன இரவில் மாடிப்படி இறங்குகிறீர்கள், இன்னும் ஒரு படி இருக்கிறது என்று காலை வைக்கிறீர்கள், தரை வந்து மோதுகிறது. உடம்பே ஒரு குலுங்கு குலுங்குகிறது. இந்த இரண்டு இடத்திலும் தசையில் குறை எதுவும் இல்லை. மூளை முன்கூட்டியே போட்ட ஒரு கணக்கு பொய்த்துப்போனது, அவ்வளவுதான்.

அப்படியானால் மற்ற நாட்களில், டம்ளர் சரியாகத் தூக்கப்படும்போதெல்லாம், அந்தக் கணக்கு சரியாக விழுந்துகொண்டே இருக்கிறது என்று அர்த்தம். அது சரியாக இருப்பதால் நம் கண்ணில் படுவதில்லை.

மூளைக்கு ஏன் இந்த முன்கணக்கு வேண்டும்? கண்ணால் பார்த்துச் செய்தால் போதாதா? போதாது. கண் பார்த்து, அந்தச் செய்தி மூளைக்குப் போய், அங்கே அலசப்பட்டு, திருத்தம் கைக்கு வந்து சேர ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு நேரம் ஆகிறது. கேட்பதற்குக் கொஞ்சம்தான். ஆனால் ஒரு டென்னிஸ் பந்து அந்த நேரத்துக்குள் உங்களைத் தாண்டிப் போய்விடும். பார்த்துத் திருத்தலாம் என்று காத்திருக்கும் கை எப்போதும் பழைய செய்தியை வைத்துத்தான் வேலை செய்யும்.

அதனால் மூளை ஒரு குறுக்கு வழி வைத்திருக்கிறது. தசைக்கு 'தூக்கு' என்று ஒரு கட்டளை அனுப்பும்போதே, அந்தக் கட்டளையின் நகல் ஒன்றைத் தனக்கே அனுப்பிக்கொள்கிறது. அந்த நகலை வைத்து, 'இந்தக் கட்டளை போனால் கை இங்கே இருக்கும், விரலில் இவ்வளவு பாரம் தெரியும்' என்று ஒரு ஒத்திகை உள்ளேயே ஓடுகிறது. நிஜச் செய்தி வந்து சேரும்போது ஒத்திகையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. பொருந்தினால் பேச்சே இல்லை. பொருந்தாவிட்டால் உடனே திருத்தம், அடுத்த முறைக்கு ஒரு பாடம்.

இந்த நகல் என்ற யோசனை 1950-ல் இரண்டு இடங்களில் தனித்தனியாக வந்தது. அமெரிக்காவில் ரோஜர் ஸ்பெரி மீன்களின் கண்ணைத் திருப்பி வைத்துப் பார்த்தார். ஜெர்மனியில் எரிக் ஃபோன் ஹோல்ஸ்டும் ஹோர்ஸ்ட் மிட்டல்ஸ்டெட்டும் ஒரு ஈயின் தலையை 180 பாகை திருகி மெழுகால் ஒட்டினார்கள். தானாக நடக்க முயன்றபோதெல்லாம் அந்த ஈ நிற்காமல் வட்டமடித்தது. தன் அசைவால் உலகம் எந்தப் பக்கம் நகர வேண்டும் என்று அது எதிர்பார்த்ததோ, கண் அதற்கு நேர் எதிராகச் சொன்னது. பாவம் அந்த ஈ. ஆனால் அசைகிற உயிர் எதுவும் வெறும் பார்வையை நம்பி அசைவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை. அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் உங்கள் உள்ளங்காலில் நீங்களே கிச்சுகிச்சு மூட்டிப் பாருங்கள். கூசாது, ஏனென்றால் விரல் எப்போது எங்கே படும் என்பது மூளைக்கு முன்பே தெரியும்.

இந்த ஒத்திகை எங்கே நடக்கிறது? பல இடங்கள் சேர்ந்து செய்கிற வேலைதான், ஆனால் முக்கிய ஆள் சிறுமூளை. பிடரிக்கு மேலே, பெருமூளைக்கு அடியில், ஒரு காலிஃபிளவர் துண்டு போல ஒட்டிக்கொண்டிருப்பது. எடையில் மொத்த மூளையில் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் மூளையில் உள்ள சுமார் 8600 கோடி நரம்பணுக்களில் ஏறக்குறைய 6900 கோடி அங்கேதான் அடைந்து கிடக்கின்றன. 'சிறு' என்று பெயர் வைத்தவர்கள் ஆளை எண்ணிப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

அங்கே புர்கின்யே அணு என்று ஒன்று உண்டு, விசிறி மாதிரி கிளை விரித்து நிற்கும். அதன்மேல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மெல்லிய இழைகள் வந்து தொட்டுச் செய்தி சொல்கின்றன: கை இங்கே, தோள் இப்படி, கட்டளை இது. இவை போக, கொடி கொம்பைச் சுற்றுவது போல அணுவைச் சுற்றிக்கொண்டு ஒரே ஒரு தடித்த இழை ஏறுகிறது. 1969-ல் டேவிட் மாரும், 1971-ல் ஜேம்ஸ் ஆல்பஸும் இந்த ஒற்றை இழைதான் வாத்தியார் என்றார்கள். கணக்கு தப்பினால் அது அடிக்கும். அடி விழுந்த நேரத்தில் எந்த மெல்லிய இழைகள் பேசிக்கொண்டிருந்தனவோ அவற்றின் பிடி மாறும். (மாற்றம் எந்தத் திசையில் என்பதில் இருவரும் ஒத்துப்போகவில்லை. பிடி தளர்கிறது என்று ஆல்பஸ் சொன்னதுதான் சரி என்பதைப் பிற்பாடு ஜப்பானின் மசாவோ இட்டோ சோதனையில் காட்டினார்.) இப்படித் தப்பும் திருத்தமுமாக ஆயிரக்கணக்கான தடவை ஓடிய பிறகுதான் ஒரு அசைவு 'கைவந்த கலை' ஆகிறது.

சிறுமூளை கெட்டால் என்ன ஆகும் என்பதை உலகப் போர் சொல்லிக்கொடுத்தது. முதல் உலகப் போரில் பின்மண்டையில் குண்டு பாய்ந்த வீரர்களைப் பிரிட்டிஷ் மருத்துவர் கார்டன் ஹோம்ஸ் பரிசோதித்தார். 1939-ல் எழுதிய கட்டுரையில் ஒரு நோயாளி தன் நிலையை எப்படிச் சொன்னார் என்று பதிந்திருக்கிறார். அதன் சாரம் இது: இடது கை தன்னால் வேலை செய்கிறது, வலது கைக்கு மட்டும் ஒவ்வொரு அசைவையும் யோசித்து யோசித்துச் செய்ய வேண்டியிருக்கிறது, திரும்ப வேண்டிய இடத்தில் அப்படியே நின்றுவிட்டு மறுபடி யோசித்துத்தான் தொடங்க முடிகிறது.

டி.சி.டி. உள்ள பிள்ளைகளின் சிறுமூளையில் குண்டு பாயவில்லை, ஓட்டை எதுவும் இல்லை. அதனால்தான் ஸ்கேனில் ஒன்றும் தெரிவதில்லை. ஆஸ்பத்திரியில் எடுக்கும் வழக்கமான எம்.ஆர்.ஐ. கட்டி, ரத்தக்கசிவு, தழும்பு, வளராமல் போன பகுதி இவற்றைத் தேடுகிற கருவி. வீட்டின் வரைபடத்தைப் பார்த்து அந்த வீட்டில் யார் யாரோடு பேசிக்கொள்கிறார்கள் என்று சொல்ல முடியாதல்லவா, அது மாதிரி. ஆனாலும் ஹோம்ஸின் நோயாளி சொன்னதும், பட்டன் போடத் திணறும் எட்டு வயதுப் பையன் தன் வார்த்தையில் சொல்வதும் ஏறக்குறைய ஒன்றுதான்: யோசிச்சு யோசிச்சுச் செய்ய வேண்டியிருக்கு.

இந்த முன்கணக்கு இவர்களிடம் பலவீனமாக இருக்கிறது என்ற கருதுகோளுக்கு ஆதாரம் என்ன? ஆஸ்திரேலியாவின் பீட்டர் வில்சனும் அவருடைய சகாக்களும் இதை நீண்ட காலமாகத் துரத்தி வருகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த சோதனை 1999-ல் வெளியானது. ஒரு கோட்டிலிருந்து ஒரு கட்டத்துக்குப் பேனாவை மாற்றி மாற்றிக் கொண்டுபோக வேண்டும். கட்டம் சிறிதாக ஆக நேரம் கூடும், குறி சிறிது என்றால் கை நிதானிக்கத்தானே வேண்டும். இது 1954-லிருந்து ஃபிட்ஸ் விதி என்ற பெயரில் தெரிந்த விஷயம். வேடிக்கை என்னவென்றால், கையை அசைக்காமல் மனதுக்குள் மட்டும் அதே வேலையைச் செய்வதாகக் கற்பனை செய்தாலும் நேரம் அதே கணக்கில் கூடுகிறது. கற்பனைக் கைக்கும் அந்த நிதானம் உண்டு. டி.சி.டி. உள்ள பிள்ளைகளுக்கு நிஜக் கை விதிப்படி நடந்தது. கற்பனைக் கை நடக்கவில்லை. கட்டம் பெரிதா சிறிதா என்பது அவர்கள் மனதுக்குள் செய்த அசைவின் நேரத்தில் தெரியவே இல்லை. கை எப்படிப் போகும் என்ற உள்ளொத்திகை தெளிவாக ஓடவில்லை என்பதற்கு இது ஒரு நல்ல அடையாளம்.

இன்னொரு வகைச் சோதனையில் பிள்ளை ஒரு விளக்கைத் தொடக் கையை நீட்டும்போது, பாதி வழியில் விளக்கு இடம் மாறிவிடும். மற்ற பிள்ளைகள் கையை ஓடும் ஓட்டத்திலேயே திருப்பிவிடுவார்கள். இவர்கள் தாமதமாகத்தான் திருப்புகிறார்கள். தொடக்கத்தில் சொன்னோமே, பந்து நெஞ்சில் பட்ட பிறகு கை கூடுகிறது என்று. அதன் ஆய்வுக்கூட வடிவம் இது.

சரி, மூளைக்குள் நேரடியாகப் பார்த்தால்? வேலை செய்யும்போதே படம் எடுக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ. என்ற முறையில் கனடாவின் ஜில் ஸ்விக்கர் குழு 2010-ல் ஒரு ஆய்வு செய்தது. ஜாய்ஸ்டிக்கால் ஒரு பூவின் கோட்டைப் பின்பற்றி வரைய வேண்டும். டி.சி.டி. உள்ள பிள்ளைகள் ஒரு குழு, இல்லாத பிள்ளைகள் ஒரு குழு, இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் வரைந்தன. ஆனால் டி.சி.டி. உள்ள பிள்ளைகளின் மூளை அதே வேலைக்கு வேறு பாதைகளை, கூடுதலான பகுதிகளைக் கூப்பிட்டது. பிறகு மூன்று நாள் பயிற்சி கொடுத்து மறுபடி பார்த்தார்கள். மற்ற பிள்ளைகளின் கோடு நேரானது. இவர்களின் கோடு பெரிதாக மாறவில்லை, சிறுமூளையையும் பெருமூளையின் முன்பகுதி, மேல்பின்பகுதி ஆகியவற்றையும் இணைக்கும் வலையில் இயக்கம் குறைவாக இருந்தது. ஜப்பானில் 2009-ல் காஷிவாகி குழு நகரும் புள்ளியை ஜாய்ஸ்டிக்கால் துரத்தச் சொன்னபோது, இடப்பக்க பரைட்டல் பகுதியின் பின்புறத்தில் இயக்கம் குறைவாக இருப்பதைக் கண்டது. உச்சந்தலைக்குச் சற்றுப் பின்னால் இருக்கும் இந்த இடத்தில்தான் கண் சொல்லும் 'அங்கே' என்பதும் உடம்பு சொல்லும் 'இங்கே' என்பதும் ஒன்றாகச் சந்திக்கின்றன. இந்தப் பகுதிகளை இணைக்கும் நரம்பிழைக் கட்டுகளின் அமைப்பிலும் நுட்பமான வேறுபாடுகள் இருப்பதாக அடுத்து வந்த ஆய்வுகள் சொல்கின்றன.

இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ஸ்விக்கர் ஆய்வில் ஒரு குழுவுக்கு ஏழு பிள்ளைகள். மொத்தமே பதினாலு பேர். இந்தத் துறையின் பல ஆய்வுகள் இப்படித்தான் கைவிரல், கால்விரல் கணக்கில் நிற்கின்றன. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். உடம்பை அசையாமல் வைத்திருப்பதே சிரமமான ஒரு பிள்ளையை, இரைச்சல் போடும் குழாய்க்குள் தலை ஆடாமல் படுக்க வைக்க வேண்டுமே. சில ஆய்வுகளில் ஒரு பகுதி கூடுதலாக வேலை செய்கிறது, வேறு சிலவற்றில் அதே பகுதி குறைவாக. பாதிப் பிள்ளைகளுக்கு கவனக்குறைவுக் கோளாறான ஏ.டி.எச்.டி.யும் சேர்ந்தே இருப்பதால் எந்த வேறுபாடு எதனுடையது என்று பிரிப்பதும் சிரமம். அதனால் 'உங்கள் பிள்ளையின் மூளையை ஸ்கேன் செய்து டி.சி.டி.யைக் கண்டுபிடித்துத் தருகிறோம்' என்று யாராவது சொன்னால் பர்ஸை உள்ளே வைத்துக்கொள்ளுங்கள். அப்படி ஒரு பரிசோதனை இன்றைக்கு இல்லை. பிள்ளை மணி கோர்ப்பதையும் பந்து பிடிப்பதையும் ஒற்றைக்காலில் நிற்பதையும் அதே வயதுப் பிள்ளைகளோடு ஒப்பிட்டு, அன்றாட வாழ்க்கையை அது எவ்வளவு பாதிக்கிறது என்று கேட்டு, வேறு காரணங்களை விலக்கித்தான் இதை முடிவு செய்கிறார்கள். அதுவும் பொதுவாக ஐந்து வயதுக்குப் பிறகு.

'சித்திரமும் கைப்பழக்கம்' என்று நாம் நம்புகிறோம். பழகினால் வரும் என்பது உண்மைதான். ஆனால் பழக்கம் எப்படிக் கைக்கு இறங்குகிறது என்று பார்த்தோமே, முன்கணக்கு, நிஜம், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், அந்த வித்தியாசத்திலிருந்து பாடம். முன்கணக்கே மங்கலாக இருந்தால் வித்தியாசமும் மங்கல், பாடமும் மங்கல். மற்றவனுக்கு ஐம்பது தடவையில் வருவது இவனுக்கு ஐந்நூறு தடவை கேட்கலாம். அதற்குள் பிள்ளையின் பொறுமையும் போய்விடும், வாத்தியாரின் பொறுமையும் போய்விடும்.

பழகாத அசைவுக்கு ஒரு விலை உண்டு, அது கவனம். சைக்கிள் கற்ற புதிதில் யாராவது பேச்சுக் கொடுத்தால் விழுந்துவிடுவோம். மூன்று மாதம் கழித்துப் பாட்டுப் பாடிக்கொண்டே ஓட்டுவோம். டி.சி.டி. உள்ள பிள்ளைக்குப் பல அசைவுகளில் அந்த மூன்று மாதம் முடிவதே இல்லை. 'கவனமாச் செய்டா' என்று நாம் அதட்டுகிறோம். அவன் ஏற்கெனவே நம்மைவிடப் பல மடங்கு கவனம் செலுத்திக்கொண்டிருக்கிறான். தீர்ந்துபோனதே அதுதான்.

வகுப்பறையில் இது எப்படித் தெரியும் என்று பார்க்க, மூன்று சுழி 'ண' எழுதுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து கவனியுங்கள். பழகிய கை ஒரே இழுப்பில் சுழி, சுழி, சுழி என்று ஓடி, மேலே கோடு போட்டுக் கீழே இறங்கும். ஒரு சுழி முடியும் இடத்திலேயே அடுத்ததன் தொடக்கம் தயாராக இருக்கும். தடுமாறும் கை முதல் சுழியைப் போட்டுவிட்டு நிற்கும். கண் கீழே வந்து 'எங்கே விட்டேன்' என்று தேடும். இரண்டாவது சுழி கொஞ்சம் பெரிதாகிவிடும். மூன்றாவதற்கு இடம் போதாமல் அது பக்கத்து எழுத்தின்மேல் ஏறும், அல்லது சுழி எண்ணிக்கையே தப்பி 'ன' ஆகிவிடும். டீச்சர் அதை எழுத்துப்பிழை என்று சிவப்பு மையில் வட்டமிடுவார். பிள்ளைக்கு 'ண'வுக்கும் 'ன'வுக்கும் வித்தியாசம் நன்றாகவே தெரியும், கேட்டால் வாயால் சரியாகச் சொல்லும். இரண்டு விரல் பென்சிலை நெறித்துக்கொண்டிருக்கும், நகம் வெளுத்துப்போயிருக்கும். எவ்வளவு அழுத்தம் தேவை என்ற முன்கணக்கு இல்லாதபோது எதற்கும் இருக்கட்டும் என்று கூடுதலாக அழுத்துவதுதானே பாதுகாப்பு. இடையில் நாக்கு வெளியே எட்டிப் பார்க்கும். சும்மா இருக்கும் இடது கை விரல்களும் சேர்ந்து மடங்கும். சின்ன வயதில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இந்த உபரி அசைவுகள் உண்டு, வளர வளர மறைந்துவிடும். இவர்களுக்கு அது நெடுநாள் தங்குகிறது.

எலக்ட்ரானிக் பலகையில் எழுதவைத்து அளந்த ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. இஸ்ரேலின் ஹைஃபா பல்கலைக்கழகத்தில் சாரா ரோசன்பிளம், கையெழுத்து சிரமமான பிள்ளைகளின் பேனா காகிதத்தைத் தொடாமல் காற்றில் எவ்வளவு நேரம் அலைகிறது என்று அளந்தார். மற்றவர்களைவிட அதிகம். பிரிட்டனில் டி.சி.டி. உள்ள பிள்ளைகளிடம் செய்த ஆய்வில் பேனா நகரும் வேகத்தில் பெரிய குறை இல்லை, நடுநடுவே நிற்கிற இடைவெளிகள்தான் கூடுதல் என்று தெரிந்தது. அதாவது 'வேகமா எழுது' என்ற அறிவுரையும் குறி தவறியது.

இது ஏன் வருகிறது என்பதற்கு ஒற்றைக் காரணம் இல்லை. குடும்பத்தில் ஓடுவதைப் பார்க்க முடிகிறது, ஆனால் 'இதுதான் அந்த மரபணு' என்று ஒன்று அகப்படவில்லை. உறுதியாகத் தெரிந்த ஒரு விஷயம் குறைமாதப் பிறப்பு. 32 வாரத்துக்கு முன்பே பிறந்த, அல்லது ஒன்றரை கிலோவுக்கும் குறைவாகப் பிறந்த பிள்ளைகளுக்கு இதற்கான வாய்ப்பு பல மடங்கு அதிகம். சிறுமூளை கருப்பையின் கடைசி மூன்று மாதங்களில்தான் கிடுகிடுவென வளர்கிறது, மற்ற பகுதிகளைவிட வேகமாக. அந்த வளர்ச்சி அம்மாவின் வயிற்றுக்குள் நடப்பதற்குப் பதிலாக, தீவிர சிகிச்சைப் பிரிவில் குழாய்களுக்கும் ஊசிகளுக்கும் நடுவே நடக்கிறது. பெரிய ரத்தக்கசிவு எதுவும் இல்லாமல் பிழைத்து வந்த பிள்ளைகளிடமும் அதன் தடம் பின்னால் தெரிவதுண்டு.

எல்லாத் தடுமாற்றமும் டி.சி.டி. இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நேற்று வரை நன்றாக நடந்த பிள்ளை இன்று தடுமாறினால், ஒருமுறை வந்த திறமை திரும்பப் போய்விட்டால், ஒரு பக்கக் கையும் காலும் மட்டும் இழுத்தால், தரையிலிருந்து எழும்போது தன் தொடையிலேயே கையை ஊன்றி ஏறி ஏறி எழுந்தால், காத்திருக்கக் கூடாது. அதில் கடைசியாகச் சொன்னது தசைச் சிதைவு நோயின் அடையாளமாக இருக்கலாம். டி.சி.டி. தொடக்கத்திலிருந்தே இருப்பது, மோசமாகிக்கொண்டே போகாது.

மோசமாகாதே தவிர, தானாகப் போய்விடும் என்பதும் இல்லை. 'வளர்ந்தா சரியாயிடும்' என்பது பாதிக்கும் மேற்பட்டவர்கள் விஷயத்தில் பலிப்பதில்லை. இளமைப் பருவம் வரை, பலருக்கு அதன் பிறகும் நீடிக்கிறது. கூடவே வேறு சிலதும் சேர்ந்துகொள்கின்றன. டீமில் சேர்க்கமாட்டார்கள், அதனால் விளையாடுவதில்லை, விளையாடாததால் பயிற்சி இல்லை, உடம்பு கனக்கிறது. கேலிக்குப் பயந்து ஒதுங்குவது, பதற்றம், மனச்சோர்வு. மூளையில் தொடங்கிய ஒன்று எங்கே வந்து நிற்கிறது பாருங்கள்.

சிகிச்சையில் இரண்டு வழிகள் இருக்கின்றன. மூளையில் அடிப்படைக் கோளாறு எதுவோ அதைச் சரிசெய்தால் மற்றதெல்லாம் தானாக வரும் என்பது ஒரு வழி. ஊஞ்சல், சமநிலைப் பலகை, உடம்பைத் தேய்த்துவிடும் பிரஷ் என்று பல வடிவங்களில் வருகிறது. மூளையைப் பற்றி இத்தனை தூரம் படித்த பிறகு இதுதான் நியாயமான வழி என்று தோன்றும், எனக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் தோன்றியது. ஆதாரம் வேறு பக்கம் நிற்கிறது. 2019-ல் திருத்தி வெளியிடப்பட்ட பல நாட்டு வழிகாட்டு நெறிகள், எந்த வேலை வர வேண்டுமோ அந்த வேலையையே நேரடியாகப் பயிற்றுவிக்கும் முறைகளைத்தான் பரிந்துரைக்கின்றன. பட்டன் வர வேண்டுமா, பட்டனையே போட்டுப் பழக வேண்டும். ஊஞ்சலில் ஆடிய திறமை பட்டனுக்கு இறங்கி வரும் என்று நம்ப முகாந்திரம் குறைவு. யோசித்தால் இது மூளைக் கதையோடு முரண்படவும் இல்லை. முன்கணக்கு பொதுவாக ஓரிடத்தில் மூட்டையாக இருப்பதில்லை, அந்தந்த வேலையைச் செய்து செய்துதான் அந்தந்த வேலைக்கு உண்டாகிறது.

நம் நாட்டுச் சட்டத்தில் இதற்கு ஒரு சின்ன வாசலும் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாட்டுக்கான விளக்கத்தில் டிஸ்லெக்ஸியா, டிஸ்கிராஃபியா இவற்றோடு டிஸ்பிராக்ஸியா என்ற சொல்லும் இடம்பெற்றிருக்கிறது. தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளைப் பற்றிப் பேசப் போகும் பெற்றோர் அந்த வரியைக் கையில் எடுத்துக்கொண்டு போகலாம்.

பயிற்சி முறைகளில் கனடாவின் ஹெலன் பொலட்டாய்கோவும் ஏஞ்சலா மாண்டிச்சும் வளர்த்தெடுத்த ஒன்று உண்டு. கை தானாகக் கற்காத இடத்தில் யோசனையைத் துணைக்குக் கூப்பிடும் முறை. எதைக் கற்க வேண்டும் என்பதைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கிறது. பிறகு திட்டம் போடு, செய், சரிபார், மறுபடி திட்டம் போடு. தெரபிஸ்ட் செய்து காட்டுவதைவிடக் கேள்வி கேட்பதுதான் அதிகம்.

பட்டனையே எடுத்துக்கொள்வோம். பையன் பட்டனை ஓட்டையில் நுழைக்கிறான், நுழைகிறது, விரலை எடுத்ததும் திரும்பி வந்துவிடுகிறது. பத்துத் தடவையும் இதே கதி. "இன்னொரு தடவை பாரு. எப்போ வெளியே வருது?" என்று கேட்கிறார் தெரபிஸ்ட். அவன் மெதுவாகச் செய்து பார்க்கிறான். "நான் விட்டதும்." "எந்தக் கை விட்டதும்?" இந்தக் கேள்வியை யாரும் அவனிடம் இதுவரை கேட்டதில்லை. மறுபடி செய்கிறான், இந்த முறை பட்டனைவிட விரல்களைப் பார்க்கிறான். வலது கை தள்ளுகிறது, ஆனால் அந்தப் பக்கம் வந்த பட்டனை இடது கை பிடித்து இழுப்பதற்குள் வலது கை விட்டுவிடுகிறது. "இந்தக் கை பிடிச்சப்புறம்தான் அந்தக் கை விடணும்," என்கிறான். அதற்கு அவனே ஒரு பெயரும் வைக்கிறான், 'ரிலே ரேஸ்'. அன்றைக்கு மேல் பட்டன் ஒன்று மாட்டிக்கொண்டது. இரண்டாவதற்கு நாலு தடவை ஆனது, ஒவ்வொரு தடவையும் வாய்க்குள் 'ரிலே, ரிலே' என்று முணுமுணுத்துக்கொண்டே.